தொம்பைக்குள் இருந்த அத்தான்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே சந்தேகப் புத்தி. எங்கள் வீட்டில் எருமை வைத்து ஊருக்குத் தயிரும் மோரும் ஊற்றினோம். மோரில் எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்து வளர்ந்தவள், மற்றவர்கள் எதில் எதைக் கலக்கிறார்களோ என்று யோசிக்காமல் எப்படி இருப்பாள்? வாத்தியார் பலகையில் போட்ட கணக்கை வீட்டுக்கு வந்து விரல் விட்டுச் சரிபார்ப்பேன். கோயிலில் திருப்பித் தந்த தேங்காய் மூடி நாங்கள் கொடுத்த தேங்காயுடையதுதானா என்று நாரைப் பார்த்துச் சொல்வேன். அம்மா அதற்காகவே என்னைப் போலீஸ்காரி என்று கூப்பிடுவாள்.

அந்தப் போலீஸ்காரியின் கண்ணில்தான் அக்காவின் சும்மாடு பட்டது. தயிர்ப் பானையைத் தலையில் வைக்கத் துணியைச் சுருட்டிப் போடுவோமே, அந்தச் சும்மாடு. போகும்போது வட்டமாக இருந்தது, வரும்போது சதுரமாக இருந்தது. துணியைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து நாலாக மடித்த ஒரு வாரப் பத்திரிகை விழுந்தது.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் குடி வந்திருந்தார். காவிரிக் கரைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்தவர். அவர் சம்சாரத்துக்குத் தபாலில் வாராவாரம் அந்தப் பத்திரிகை வரும். அதில் ஒரு காதல் தொடர்கதை. அக்கா அங்கே தயிர் ஊற்றப் போவாள். அந்த அம்மாள் படித்து முடித்ததும் இரவல் வாங்கி, சும்மாட்டில் சுருட்டி எடுத்து வருவாள். அப்பாவுக்குத் தெரிந்தால் பத்திரிகை அடுப்புக்குப் போகும், அக்கா வாசல் தாண்ட முடியாது. கதை படிக்கிற பெண் கெட்டுப் போவாள் என்பதில் அப்பாவுக்குச் சந்தேகமே கிடையாது. அவருக்குச் சந்தேகம் வராத விஷயங்களில் அது ஒன்று.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எனக்கும் படிக்கத் தரவேண்டும் என்ற கட்டளையோடு விட்டுவிட்டேன். அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதிமூன்று. பத்திரிகையை ஒளித்து வைக்க இடம் பார்த்துச் சொன்னதும் நான்தான். சமையல்கட்டு மூலையில் ராகி கொட்டி வைக்கும் தொம்பை நின்றது. மூங்கிலில் பின்னிச் சாணி மெழுகிய ஆள் உயரக் கூடு. முக்காலி போட்டு ஏறி, தோள்வரை கையை விட்டால்தான் உள்ளே புதைத்தது அகப்படும். எங்கள் காதல் கதை ராகி வாசனையோடுதான் இருந்தது.

கதாநாயகியை எனக்கு நம்பவே முடியவில்லை. அவள் ஒரு வேளைகூடச் சாப்பிட்டதாக எழுதவில்லை. தண்ணீர் சேந்தவில்லை, தலையில் பேன் பார்க்கவில்லை. எந்நேரமும் ஜன்னல் ஓரம் நின்று பெருமூச்சு விட்டாள். அவளுக்குச் சின்ன வயதிலேயே நிச்சயம் செய்து வைத்த ஓர் அத்தான் உண்டு. நடுவே டாக்டருக்குப் படிக்கும் இளைஞன் ஒருவன் ஆற்றங்கரையில் அவளைச் சந்தித்து, "உன் வீட்டார் சம்மதம் எனக்குப் பிறகு. உனக்குச் சம்மதமா? அதைச் சொல்" என்று கேட்டான்.

"இதெல்லாம் யாரு கேக்கறாங்கக்கா? சுத்தப் புளுகு" என்றேன்.

"புளுகாவே இருக்கட்டும், குடு" என்று பிடுங்கிக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தை அவள் எத்தனை தரம் படித்தாள் என்று தெரியாது. ஆற்றங்கரை, நிலா, டாக்டரின் சுருட்டை முடி, இதில் எதுவோ ஒன்றில் மயங்கிக் கிடக்கிறாள் என்று நினைத்தேன். நான் மட்டும் என்ன யோக்கியம். புளுகு புளுகு என்று திட்டிக்கொண்டே அடுத்த வாரத்துக்காகச் சும்மாட்டைப் பார்த்து நிற்பேன். கதாநாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது.

இங்கே எங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள்; பேசியதைத்தான் இங்கே தமிழில் சொல்கிறேன். தெலுங்கு எழுத்து எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் தமிழ். ஆகவே பேசுவது ஒரு பாஷை, எழுதுவது ஒரு பாஷை. அக்காவுக்கும் ஒருவரை நிச்சயம் செய்திருந்தார்கள், இண்டூரில் இருந்த எங்கள் அத்தை மகன். அவள் பிறந்த அன்றே பேசி முடித்தது. அவரைப் பாவா என்று கூப்பிடுவோம். பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே எங்கோ இருந்தார். தை மாதம் லீவில் வந்ததும் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றியிருந்தார்கள்.

ஒரு மத்தியானம் அக்கா என் நோட்டிலிருந்து தாளைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுவதைப் பார்த்தேன். பக்கத்தில் பத்திரிகை விரித்திருந்தது. கதாநாயகி தன் அத்தானுக்குக் கடிதம் எழுதுகிற கட்டம். ஒரு வரி பார்த்து எழுதியதும், அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்தாள், இடம் தவறாமல் இருக்க.

"யாருக்கு?"

"பாவாவுக்கு. ஊரக் கூட்டாத."

நான் நம்பவில்லை. கவரை வாங்கி விலாசத்தைப் பார்த்தேன். பாவாவின் பேரும் பட்டாள நம்பரும் சரியாக இருந்தன. கடிதத்தையும் படித்தேன். 'அன்புள்ள அத்தான்' என்று ஆரம்பித்தது. அதில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பாவா என்று தமிழில் எழுதினால் தர்காவில் மயிலிறகு வீசி மந்திரிக்கிற பாவாவுக்கு எழுதியது போல இருக்கும். கதையில் அத்தான் என்றால் பாவாதான் என்று எங்கள் இருவருக்கும் பழகிப் போயிருந்தது. சிறு வயதில் சேர்ந்து விளையாடியது, அவர் தன்னிடம் காட்டிய அன்பை மறக்க முடியாதது என்று ஒரு பக்கம் முழுக்கத் தேன் ஒழுகியது. நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன். விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காது வைத்தும் பார்த்தேன்.

கதையில் அந்தக் கடிதம் முடியவில்லை. பாதியில் 'தொடரும்' என்று போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் அக்காவின் சும்மாடு வட்டமாகவே திரும்பி வந்தது.

"புஸ்தகம் நின்னு போச்சாம். காகிதம் கெடைக்கலையாம்" என்றாள்.

யுத்த காலத்தில் கிருஷ்ணாயில் கிடைக்கவில்லை, துணி கிடைக்கவில்லை. காகிதம் கிடைக்கவில்லை என்றால் நம்பத்தானே வேண்டும். நம்பினேன்.

ஒன்றரை மாதம் கழித்து அத்தை வந்தாள். அப்போது பஸ்கள் கரி வாயுவில் ஓடின. இண்டூரிலிருந்து தர்மபுரி வந்து, பஸ் மாறி வந்து சேர்ந்தவளின் முகத்தில் கரி அப்பியிருந்தது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் மடியிலிருந்து கவரை எடுத்து அப்பா முன்னால் போட்டாள். உள்ளே அக்கா எழுதிய கடிதம். கூடவே பாவாவின் கையெழுத்தில் ஒரு துண்டுக் காகிதம். நடு வீட்டில் என்னை நிறுத்திப் படிக்கச் சொன்னார்கள்.

'அம்மாவுக்கு நமஸ்காரம். இது எனக்கு எழுதிய கடிதம் இல்லை. அத்தான் என்ற ஆளுக்கு எழுதியது கவர் மாறி எனக்கு வந்துவிட்டது. அந்த ஆள் யார் என்று விசாரிக்கவும்.'

எங்கள் வீட்டில் அந்த வார்த்தை கிடையாது. பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களும் மாமா, மச்சான் என்றுதான் கூப்பிடுவார்கள். பாவாவுக்கு எங்கிருந்து தெரியும்? பட்டாளத்தில் யாரிடமாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இந்த மாதிரிக் கடிதத்தை எவன் நாலு பேரிடம் காட்டுவான்?

"நான் பெத்த பையன் அங்க குண்டு விழற எடத்துல கெடக்கறான். ஒம் மவ எவனுக்கோ எழுதிக் கவர மாத்திப் போட்டுட்டா" என்றாள் அத்தை. "மாத்துன தாம்பூலத்தத் திருப்பிக்கலாம்ணா. எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்."

அப்பா துள்ளி எழுந்தார். அவர் கேட்டது மட்டும் இன்னும் தெலுங்கிலேயே என் காதில் நிற்கிறது.

"எவுரே வாடு?" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினார். யாரடி அவன் என்று அர்த்தம்.

அக்கா சுவரில் மாட்டியிருந்த எருமைக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா ஊரில் உள்ள ஆண்பிள்ளைகளை ஒவ்வொருவராக நினைவில் கொண்டுவந்து, "அத்தான், அத்தான்" என்று முணுமுணுத்தார். புதிதாக வந்த தபால்காரன் பேர் என்ன, டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழிக்கிறவன் பேர் என்ன என்று அம்மாவைக் கேட்டார். அம்மா அழ ஆரம்பித்தாள்.

கெட்ட பேரோடு நிச்சயம் முறிந்தால் அக்காவை வேறு யாரும் கட்டமாட்டார்கள். அவளுக்குப் பின்னால் நான் ஒருத்தி இருக்கிறேன். அக்காவுக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்லமுடியாது. பயத்தில் வாயடைத்து நிற்கிறாள், நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று முக்காலியை இழுத்துப் போட்டேன். தொம்பைக்குள் தோள்வரை கையை விட்டுப் பத்திரிகையை வெளியே எடுத்தேன். ராகி சிதறித் தரையெல்லாம் ஓடியது.

"அத்தான்னா ஆளு பேரில்லைங்க. பாவாங்க. கதையில அப்படித்தான் எழுதறாங்க. அக்கா அதப் பாத்து எழுதிச்சு."

யாரும் நம்பவில்லை. பத்திரிகையில் இருந்த கடிதத்தை ஒரு வரி, அக்காவின் கடிதத்தை ஒரு வரி என்று மாற்றி மாற்றி வாசித்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. புள்ளிகளையும் காட்டினேன். அத்தைக்கு அப்போதும் சந்தேகம் தீராமல், குமாஸ்தா சம்சாரத்தைக் கூட்டி வரச் சொன்னாள். அந்த அம்மாள் வந்து, விஷயத்தைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு, "நான்கூட அவரை அப்படித்தாங்க கூப்பிடுவேன்" என்றார். அப்பா கூரையைப் பார்த்தார். போகும்போது அந்த அம்மாள் பத்திரிகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். இரவல் கொடுத்த புஸ்தகம் ராகியில் புரண்டிருந்தது பிடிக்கவில்லை போலும் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தையின் முகம் தெளிந்தது. அப்போதுதான் கரியைத் துடைத்தாள். அக்காவின் கன்னத்தைத் தடவி, "எம் பையனுக்கு இம்புட்டு ஆசையா எழுதியிருக்குது, அந்த மட்டி என்னடான்னா" என்று மகனைத் திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு கடுதாசில மேல என்ன எழுதிச்சு?" என்றாள்.

"தொடரும்னு போட்டிருக்குதுங்க."

"அப்படின்னா?"

"மீதி அடுத்த வாரம்னு அர்த்தம்."

"இது என்ன அக்கிரமம், நடுவுல நிறுத்தறது?" என்றாள். சம்பந்தமே வேண்டாம் என்று வந்தவள், கதை முழுசாகக் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாள். சம்பந்தம் பிழைத்த சந்தோஷத்தில் அப்பாவும் பத்திரிகையை அடுப்பில் போட மறந்துவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டையே காப்பாற்றியவள் என்ற மிதப்பில் மறுநாள் நானே பத்திரிகையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். குமாஸ்தா வீட்டு மாடத்தில் பத்திரிகைகள் அடுக்கியிருந்தன. அதில் நான் பார்க்காத இதழ்கள் இருந்தன. தபாலில் தாமதமாக மொத்தமாக வந்திருக்கும் என்று நினைத்து, அடுத்த இதழைக் கேட்டு வாங்கி, மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து படித்தேன்.

கடிதத்தின் மறுபாதி அதில் இருந்தது. 'ஆனால் அத்தான், அந்த அன்பு வேறு. அதைக் கல்யாணமாக்க என்னால் முடியாது. என்னைக் கேட்காமல் பெரியவர்கள் முடித்துவிட்டார்கள். தாங்களாவது என்னை விட்டுவிடுங்கள்' என்று போயிற்று. அக்கா விஷயம் தெரியாமல் பாவாவுக்கு அனுப்பியது கல்யாணம் வேண்டாம் என்று சொல்லும் கடிதத்தின் முன்பாதி! இந்த இதழ் அத்தை கையில் சிக்கினால் மறுபடியும் தாம்பூலம் திரும்பும். அக்காவுக்குத் தெரிந்தால் பயந்தே செத்துப்போவாள். முதல் இரண்டு வரிக்குப் பக்கத்தில் ஏதோ கறுப்பாக இருந்தது. ஈ எச்சம் என்று நினைத்தேன். அந்தத் தாள்களைக் கிழித்து, பால் காயும் அடுப்பில் வறட்டிக்கு அடியில் செருகினேன். எருமை தின்றுவிட்டது என்று குமாஸ்தா சம்சாரத்திடம் சொன்னேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார்.

அத்தை அடுத்த தரம் வந்தபோது கதை என்னாயிற்று என்று மறக்காமல் கேட்டாள். "அத்தானையே கட்டிக்கிச்சுங்க அத்தை. ஊரே வந்து வாழ்த்துச்சு" என்று அடித்துவிட்டேன். அத்தைக்குக் கண் கலங்கியது. ராகி புடைத்துக்கொண்டிருந்த அக்கா முறத்தை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போனாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. பாவா நல்ல மனுஷர். அதிர்ந்து பேசமாட்டார். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தை விட்டு இண்டூருக்கே வந்து காட்டு வெள்ளாமையைப் பார்த்துக்கொண்டார். அந்த வார்த்தை இப்போது அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. ஒரு தரம் என்னை அத்தான் என்று கூப்பிடேன் என்று அக்காவிடம் கெஞ்சுவாராம். அக்கா ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. வெட்கம் என்று எல்லாரும் சிரித்தோம்.

நாலைந்து வருஷம் போயிற்று. இரண்டாவது பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் சமையல்கட்டில் இருவரும் களி தின்றுகொண்டிருந்தபோது, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பெருமையை அவிழ்த்தேன். கடிதத்தின் மறுபாதியைப் பற்றிச் சொன்னேன். தாளைக் கிழித்து எரித்ததை, எருமைமேல் பழி போட்டதை, அத்தைக்குக் கட்டிய கதையை எல்லாம் சொன்னேன். நான் இல்லாவிட்டால் உன் கதி என்ன என்று கேட்டேன்.

அக்கா களியை உருட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அந்த எதழ நான் ஒனக்கு முந்தியே படிச்சிட்டேன். அவங்க வூட்டுலயே உக்காந்து."

"புஸ்தகம் நின்னு போச்சுன்னியே?"

"ஒங்கிட்டக் காட்டக் கூடாதுன்னு சொன்னேன். நீ காட்டிக் குடுத்துருவ. முதப்பாதி அனுப்பினப்பவே எனக்குத் தெரியும், மறுபாதில என்ன வரும்னு. அதுக்குள்ள அடுத்த எதழு அவங்களுக்கு வந்திருச்சு, அந்தம்மாதான் சொன்னாங்க, கதை எந்தப் பக்கம் போவுதுன்னு. கத வாராவாரம் வர மாதிரி நானும் ரெண்டு தடவையா அனுப்பிரலாம்னு நெனச்சேன். ஒரேயடியா எழுத தைரியம் வரல. மறுபாதில ரெண்டு வரிக்குப் புள்ளி வெச்சேன். அதுக்கு மேல கை ஓடல."

ஈ எச்சம் என் ஞாபகத்துக்கு வந்தது. தேங்காய் நாரைக்கூடச் சந்தேகப்பட்டவள் நான்.

"யாராவது இருந்தாங்களாக்கா?" என்று கேட்டேன். அப்போதும் என் புத்தி அங்கேதான் போயிற்று.

"ஒருத்தனும் இல்ல. இருந்திருந்தா அன்னிக்கி அப்பா கேட்டப்ப அவன் பேரச் சொல்லியிருப்பேன். ஒரு பேரு சொன்னாப் போதும், முறிஞ்சிருக்கும். சொல்ல பேரு இல்ல." களித் தட்டை நகர்த்திவிட்டு, "அந்தக் கதையில அவன் அவளக் கேட்டான். எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. அவ்வளவுதான்" என்றாள்.

நிலாவும் இல்லை, சுருட்டை முடியும் இல்லை. ஒரே ஒரு கேள்விக்காக அந்தப் பக்கத்தை அத்தனை தரம் படித்திருக்கிறாள். அத்தை தாம்பூலத்தைத் திருப்பிக்கொள்ளட்டும் என்று எருமைக் கயிற்றைப் பார்த்து மூச்சை அடக்கி நின்றவளைத்தான் நான் பயந்து நிற்கிறாள் என்று நினைத்திருக்கிறேன். பாவா நல்லவர்தானே அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நல்லவருதான். அத யாரு இல்லேன்னா?" என்றாள் அவளே. அவளுக்கு என்மேல் கோபம் இல்லை. மூலையில் நின்ற தொம்பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கி அதுக்குள்ள நீ எதுக்குடி கைய வுட்ட?"